பழைய டிரெய்லர் கூரையில் புது ஏசி: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

நாற்பது, ஐம்பது வருடப் பழைய டிராவல் டிரெய்லரில் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீட்டில்) கூரை ஏசியை மாற்றிய பிறகு ஏதாவது தகராறு வந்தால், சந்தேகம் நேராகப் புது மெஷின் மேல்தான் போகும். நான் அங்கே கடைசியாகப் போகச் சொல்வேன். இந்த ஏசிகள் தொழிற்சாலையிலேயே வாயு அடைத்து, மூடி, முழுசாக வருபவை. ஆனால் அது உட்காரும் கூரை, கரண்ட் கொண்டுவரும் கம்பி, காற்று போகும் வழி, இந்த மூன்றும் பழையவை. முன்பிருந்த ஏசி அரைகுறையாக ஓடியதால் வெளியே தெரியாமல் கிடந்த குறைகள், முழு பலத்தோடு இழுக்கும் மெஷின் வந்ததும் தலைகாட்டுகின்றன. அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் டிரெய்லரில் தொடங்கி ஏசியில் முடிகிற வரிசையில் பாருங்கள்.

சொல்லும் அளவுகள் எல்லாம் 120 வோல்ட், 30 ஆம்ப் இணைப்புள்ள வட அமெரிக்க டிரெய்லருக்கும், கூரையில் 14¼ இன்ச் சதுரத் திறப்பில் உட்காரும் 13,500 அல்லது 15,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசிக்கும் உரியவை.

கை வைப்பதற்கு முன் மூன்று விஷயம். வெளியிலிருந்து வரும் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், பிரேக்கரை மட்டும் அணைத்துவிட்டு நம்பாதீர்கள். பழைய பேனலில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கெப்பாசிட்டரை (மோட்டாரைக் கிளப்ப உதவும், கரண்ட்டைச் சேர்த்துவைக்கும் பாகம்) தொடுவதற்கு முன் அதில் தங்கியிருக்கும் கரண்ட்டை ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிடுங்கள். கூரையில் ஏறினால் அகலமான பிளைவுட் பலகையைக் குறுக்குச் சட்டங்களின் மேல் படும்படி போட்டு, அதன் மேல் முழங்காலிடுங்கள். மெல்லிய அலுமினியத் தகட்டுக் கூரை சட்டங்களுக்கு நடுவே ஆளைத் தாங்காது.

ஸ்விட்ச் போட்டால் ஒரு அசைவும் இல்லை

பழைய ஏசிகளில் கூரை உள்பக்கத்திலேயே இரண்டு குமிழ்கள் இருக்கும். அவை 120 வோல்ட்டிலேயே வேலை செய்யும். இப்போது வரும் பல மாடல்களில் சுவரில் மாட்டும் தெர்மோஸ்டாட்டும், அதை நடத்த 12 வோல்ட் டிசி கரண்ட்டும் வேண்டும். பேட்டரியே இல்லாத டிரெய்லரில் அந்த மாடலை வாங்கி ஏற்றிவிட்டால், 120 வோல்ட் ஒழுங்காக வந்தாலும் மெஷின் அசையாது.

மல்டிமீட்டரை வைத்து ஏசியின் கண்ட்ரோல் பெட்டியில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். 11-க்குக் கீழே இருந்தால் பேட்டரியையும் சின்ன ஃபியூஸையும் பாருங்கள். 12 சரியாகக் காட்டியும் தெர்மோஸ்டாட் பைத்தியம் பிடித்த மாதிரி தானாக அணைந்து எரிந்தால், 120 வோல்ட்டை 12 வோல்ட் டிசியாக மாற்றும் பழைய கன்வெர்ட்டர்தான் காரணமாக இருக்கலாம். அந்தக் காலத்துக் கன்வெர்ட்டர்கள் விளக்கும் பம்பும் ஓட்டுவதற்காகச் செய்தவை. அவை தரும் டிசி சீராக இருக்காது. எலெக்ட்ரானிக் போர்டு அதைத் தாங்காது. ஒரு நல்ல பேட்டரியை மட்டும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் மாற்ற வேண்டியது கன்வெர்ட்டரை.

இன்னும் ஏசி வாங்கவில்லை என்றால் என் யோசனை இது: 12 வோல்ட் ஏற்பாடு இல்லாத டிரெய்லருக்குக் குமிழ் வைத்த மாடலே வாங்குங்கள். பல கம்பெனிகளில் இன்னும் கிடைக்கிறது. ஆனால் மேலே வைக்கும் மெஷினும் உள்ளே மாட்டும் கண்ட்ரோல் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தியவையா என்று மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றுவிடுகிறது

இதுதான் அதிகமாக வரும் புகார். அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த நேரத்தில் வோல்டேஜ் படுத்துவிட்டால் மோட்டார் உருளாது. சூடாகி, பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகும். இதை அப்படியே விட்டுவைத்தால் புது கம்ப்ரசர் எரிந்துபோகும்.

ஒன்றை முதலிலேயே கவனியுங்கள். அணைத்த உடனே திரும்பப் போட்டீர்களா? உள்ளே வாயு அழுத்தம் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அதற்குள் போட்டால் நல்ல கம்ப்ரசரும் முனகத்தான் செய்யும்.

காத்திருந்து போட்டும் அதே கதை என்றால் வோல்டேஜை அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளப்பதில் பயனில்லை. எந்த அவுட்லெட்டும் சும்மா இருக்கும்போது 120 காட்டும். கம்ப்ரசர் இழுக்கும்போது அளக்க வேண்டும். ஒருவர் ஸ்விட்ச் போட, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். சும்மா இருக்கையில் 121, ஓடும்போது 117 என்றால் கவலை இல்லை. 121 இருந்து 106-க்கு இறங்கினால் வழியில் எங்கோ கரண்ட் சூடாக வீணாகிறது. ஓடும்போது 105-க்குக் கீழே போனால் உடனே அணைத்துவிடுங்கள்.

எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்க, வெளியே உள்ள அவுட்லெட், டிரெய்லருக்குள் பேனல், ஏசியின் ஜங்ஷன் பெட்டி என்று மூன்று இடத்தில் ஓடும்போதே அளவெடுங்கள். 

அவுட்லெட்டிலேயே குறைவு என்றால் குறை இடத்தின் சப்ளையில். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, வேறு இணைப்புக்கு மாறுங்கள். 

அவுட்லெட்டில் நன்றாக இருந்து பேனலில் விழுந்தால் குற்றவாளி கேபிள் அல்லது பிளக். 30 ஆம்ப் பிளக்கைக் கழற்றி அதன் முனைகளை வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளை மஞ்சளாகப் பளிச்சென்று இருக்க வேண்டும். ஒரு முனை மட்டும் நீலம் பாய்ந்தோ பழுப்பேறியோ, அதைச் சுற்றியுள்ள ரப்பர் உருகி மெல்லிய குழி விழுந்தோ இருந்தால் அங்கே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டாதீர்கள்; பிளக்கை மாற்றுங்கள். நடுவே எக்ஸ்டென்ஷன் இருந்தால் அது 10 கேஜ் கம்பியா என்று பாருங்கள் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன்). சாதாரண வீட்டு எக்ஸ்டென்ஷன் இந்த வேலைக்கு ஆகாது.

பேனலில் நன்றாக இருந்து ஏசியில் விழுந்தால் டிரெய்லரின் உள் வயரிங். பெரும்பாலும் முதல் ஏசிக்குப் பிறகு யாரோ ஒருவர் 14 கேஜ் கம்பியை இழுத்து விட்டிருப்பார். ஏசிக்கு 20 ஆம்ப் பிரேக்கர், 12 கேஜ் செம்புக் கம்பி, அந்த லைனில் வேறெதுவும் இல்லை என்பதுதான் முறை. 1960களின் கடைசியிலும் 1970களிலும் கட்டிய சில டிரெய்லர்களில் அலுமினியக் கம்பி இருக்கும். அதைச் செம்புக் கம்பியோடு சாதாரணமாக முறுக்கி மூடி போட்டால் இணைப்பு நாளாக நாளாகச் சூடேறித் தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம். அலுமினியத்தையும் செம்பையும் சேர்க்கவென்றே செய்த கனெக்டர் கிடைக்கிறது. ஏசிக்கு மட்டும் பேனலிலிருந்து புதுச் செம்புக் கம்பி இழுத்துவிடுவது அதைவிட நல்லது.

மூன்று இடத்திலும் வோல்டேஜ் நன்றாக இருந்தால்தான் ஏசியைத் திறக்க வேண்டும். அப்போதும் முதலில் கெப்பாசிட்டர். தலை உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். பார்க்க நன்றாக இருந்தாலும் மீட்டரில் அளந்து, மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவோடு ஒப்பிடுங்கள்; சுமார் 6 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதுதான் காரணம்.

ஜெனரேட்டரில் மட்டும் இந்தத் தொல்லை, ஷோர் பவரில் (வெளி அவுட்லெட்டில் செருகி எடுக்கும் கரண்ட்டில்) இல்லை என்றால், ஜெனரேட்டர் சின்னது. 13,500 பிடியு ஏசியைக் கிளப்ப 3,000 வாட் ஜெனரேட்டராவது வேண்டும். மலைமேல் ஏற ஏற அதன் சக்தியும் குறையும்: ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ மூன்றரை சதவீதம். கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்தால் கிளம்பும் இழுப்பு பாதிக்கு மேல் குறைகிறது. எனக்கு அது வீண்செலவாகத் தோன்றவில்லை, பழைய வயரிங்குக்கும் அது நிம்மதி.

பிரேக்கர் விழுகிறது

உடனே விழுகிறதா, அரைமணி கழித்து விழுகிறதா என்று பாருங்கள். போட்ட கணமே டப்பென்று விழுந்தால் ஷார்ட். ஜங்ஷன் பெட்டியில் கம்பி நுழையும் இடத்தில் தகரத்தின் விளிம்பு உறையைக் கீறியிருக்கிறதா பாருங்கள். அந்தத் துளையில் கிளாம்ப் போடாமல் விட்டவர்களுக்கு இது எளிதில் வரும்.

கொஞ்ச நேரம் ஓடி விழுந்தால் சுமை. ஏசி ஓடும்போது 12 முதல் 16 ஆம்ப் வரை இழுக்கும், வெயில் ஏற ஏறக் கூடும். கூடவே மைக்ரோவேவும், கரண்ட்டில் ஓடும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் 30 ஆம்ப் தாண்டிவிடும். தனியாக ஓடியும் விழுகிறது, வோல்டேஜும் நன்றாக இருக்கிறது என்றால் பிரேக்கரையே மாற்றிப் பாருங்கள். வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்த பிரேக்கர் சீக்கிரம் விழும். 20 ஆம்ப் விழுகிறது என்று 30 ஆம்ப் பிரேக்கர் போடுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பிரேக்கர் விழாது, சுவருக்குள் கம்பி எரியும்.

வீட்டு வாசல் ஜிஎஃப்சிஐ அவுட்லெட்டில் (கரண்ட் கசிந்தால் தானே அணையும் அவுட்லெட்) செருகினால் மட்டும் விழுகிறது என்றால் அடுத்த பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

டிரெய்லரைத் தொட்டால் சுரீர் என்கிறது

இதை உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைப் பிடிக்கும் குழந்தைக்கு உயிராபத்து.

டிரெய்லரின் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியாக இருக்க வேண்டும். அவை ஒன்றுசேரும் இடம் சப்ளை தரும் பக்கத்தில், டிரெய்லருக்குள் அல்ல. ஆனால் பழைய டிரெய்லரில் யாராவது வீட்டு பேனலை வாங்கி மாட்டியிருந்தால், இரண்டையும் இணைக்கும் ஸ்க்ரூவைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டின் ஒரு பங்கு உடல் தகட்டின் வழியாகவும் போகும். ஜிஎஃப்சிஐ விழுவது அதனால்தான். இன்னும் பழையவற்றில், 1950களின் வண்டிகளில், எர்த் கம்பியே இருக்காது, இரண்டு கம்பி மட்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் அளவு எடுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ சேர்ந்திருக்கிறது. அந்த இணைப்பைப் பிரித்து, எர்த் பட்டையை டிரெய்லரின் சேஸியோடு உறுதியாகச் சேர்க்க வேண்டும். ஏசியின் தகரப் பெட்டியும் அதே எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். வயரிங்கில் கை பழகாதவர்கள் இந்த ஒரு வேலைக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஓடுகிறது, ஆனால் உள்ளே குளிரவில்லை. அல்லது நின்று நின்று ஓடுகிறது. அல்லது காயிலில் ஐஸ் கட்டுகிறது

காயில் என்பது காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள். மூன்றையும் ஒன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வெளியே வர வேண்டிய குளிர்காற்று, அறைக்குள் வராமல் குறுக்கே புகுந்து ஏசிக்கே திரும்பிப் போகிறது.

கூரைத் திறப்பின் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். ஒரு பக்கம் அறையின் சூடான காற்று மேலே போகும், மறுபக்கம் குளிர்ந்த காற்று கீழே வரும். புது ஏசியோடு வரும் தடுப்பு ஓரளவு சமமான, புதிய கூரைக்காகச் செய்தது. பழைய டிரெய்லரின் கூரை வளைந்திருக்கும், தடிமன் இடத்துக்கு இடம் மாறும். அதனால் தடுப்பின் மேல் விளிம்பு மெஷினின் அடியைத் தொடாமல் விரல் நுழையும் இடைவெளி நின்றுவிடும். வெளியே எதுவும் தெரியாது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உள்மூடியைக் கழற்றிவிட்டு ஃபேனை மட்டும் வேகமாக ஓடவிட்டு, நூல் போலக் கிழித்த டிஷ்யூத் துண்டை அந்தத் தடுப்பின் விளிம்பு நெடுக மெதுவாகக் கொண்டு போங்கள். காற்று இழுக்கும் பக்கத்தில் டிஷ்யூ மேல்நோக்கி நிற்க வேண்டும். ஏதாவது ஒரு மூலையில் அது சடசடவென்று பக்கவாட்டில் அடித்துக்கொண்டால் ஓட்டை அங்கேதான். துணி டேப் வேண்டாம், ஈரத்தில் கழன்றுவிடும். அலுமினிய ஃபாயில் டேப் வாங்கி, இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நான்கு மூலைகளிலும் கரண்டியின் முதுகால் தேய்த்து ஒட்டுங்கள். கூரையின் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் திறப்பின் பக்கவாட்டில் திறந்தே கிடந்தால் அதையும் சுற்றிலும் மூடுங்கள். இல்லாவிட்டால் குளிர்காற்றில் ஒரு பங்கு கூரைக்குள்ளேயே ஓடித் தொலையும்.

அடுத்து தெர்மோஸ்டாட்டின் மெல்லிய செம்புக்குழாய். குமிழ் மாடல்களில் அதுதான் அறையின் சூட்டை உணர்வது. அது சூடான காற்று உள்ளே போகும் வழியில், எதையும் தொடாமல் நிற்க வேண்டும். பொருத்தும் அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டு, அது காயிலையோ குளிர்காற்று வரும் பக்கத்தையோ தொட்டுக்கொண்டிருந்தால், அறை வெந்துகொண்டிருக்கும்போதே குளிர்ந்துவிட்டது என்று கம்ப்ரசர் நின்றுவிடும்.

ஐஸ் கட்டியிருந்தால் ஃபேனை மட்டும் ஓடவிட்டு உருகவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் காயில் ஓட்டையாகும், அதோடு மெஷின் தீர்ந்தது. பிறகு ஃபில்டரைக் கழுவுங்கள், ஃபேனை வேகத்தில் வையுங்கள். வெளியே குளிரான இரவில் தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருகி வைத்தால், குறையே இல்லாத ஏசியிலும் ஐஸ் கட்டும்.

இத்தனையும் முடித்த பிறகு ஒரு தெர்மாமீட்டரால் அளங்கள். 20 நிமிடம் ஓடிய பின், உள்ளே போகும் காற்றுக்கும் மெஷினுக்கு மிக அருகிலுள்ள துளையில் வெளியே வரும் காற்றுக்கும் நடுவே 16 முதல் 22 டிகிரி பாரன்ஹீட், அதாவது 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் கொஞ்சம் குறையலாம். வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களையும் சுவருக்குள் உட்கார்ந்துபோன பஞ்சையும் பாருங்கள். பெரிய ஏசி போடுவதைவிட நிழலில் நிறுத்துவதும் ஜன்னலை மறைப்பதும் அதிகப் பலன் தரும்.

உள்ளே தண்ணீர் சொட்டுகிறது

முதல் கேள்வி: எப்போது? ஏசி ஓடாமல் மழையில் மட்டும் சொட்டினால் கூரை. மழையே இல்லாமல் ஏசி ஓடும்போது சொட்டினால் காயிலில் சேரும் ஈரம். மழை நின்று, டிரெய்லரை இழுக்கும்போதோ சாய்க்கும்போதோ தண்ணீர் கொட்டினால், தேங்கி நின்ற தண்ணீர் இடம் மாறுகிறது.

மழைத் தண்ணீர் என்றால் காஸ்கெட்டை, அதாவது மெஷினுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள மெத்தென்ற அடைப்பைப் பாருங்கள். உள்மூடியைக் கழற்றி, டார்ச்சோடு தலையைத் திறப்புக்குள் நீட்டினால் காஸ்கெட்டின் உள்விளிம்பு நான்கு பக்கமும் தெரியும். ஒரு இன்ச் தடிமனாக இருந்தது அரை இன்ச்சாக, சுற்றிலும் ஒரே மாதிரி அமுங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் அப்பளமாகவும் எதிர்ப்பக்கம் பகல் வெளிச்சம் தெரியும்படியும் இருந்தால் போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பொதுவாகச் சொல்லும் அளவு 40 முதல் 50 இன்ச்-பவுண்டு. கையில் அது மிகக் குறைவாகத் தோன்றும், அதுவே சரி. காஸ்கெட்டின் மேல் சீலண்ட் பூசாதீர்கள், வெளியே சுற்றிலும் அடைக்கவும் செய்யாதீர்கள். அடியில் தேங்கும் தண்ணீர் வெளியேற அந்த இடைவெளி வேண்டும்.

சமமாக இறுக்கியும் ஒரு பக்கம் அமுங்காவிட்டால் கூரை தொய்ந்திருக்கிறது. 35 முதல் 45 கிலோ எடையை வருடக்கணக்காகத் தாங்கிய பழைய கூரை குழிவிழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதற்கு இரண்டு காஸ்கெட் அடுக்குவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது வழுக்கி நகரும். ஏசியை இறக்கி, திறப்பைச் சுற்றி இரண்டு தகடுகளுக்கு நடுவே மரச்சட்டம் இருக்கிறதா பாருங்கள். மக்கியிருந்தால் வெட்டியெடுத்துப் புதிது வையுங்கள். இல்லவே இல்லாவிட்டால் போல்ட் இறுக்க இறுக்கக் கூரை நசுங்கிக்கொண்டே போகும். திறப்பு அளவுக்கு மேல் பெரிதாக வெட்டியிருந்தால் இதே சட்டத்தால் சுருக்கிவிடலாம். தொய்வு அதிகமானால் குறுக்கே அலுமினியக் கோணச்சட்டம் கொடுத்துத் தூக்குங்கள். பழைய ஏசி விட்டுப்போன ஸ்க்ரூ ஓட்டைகளை ப்யூட்டில் டேப்பும் கூரைக்கான சீலண்டும் வைத்து மூடுங்கள். முன்பு யாரோ பூசிய சிலிக்கான் இருந்தால் முழுசாகச் சுரண்டியெடுக்க வேண்டும், அதன் மேல் எதுவும் ஒட்டாது.

ஏசியின் தண்ணீர் என்றால் அடித்தட்டில் உள்ள வடிகால் துளைகளைப் பாருங்கள். இலையும் குளவிக்கூடும் அடைத்திருக்கும். டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். ஏர்ஸ்ட்ரீம் போன்ற சில டிரெய்லர்களில் இந்தத் தண்ணீரைத் தட்டில் பிடித்து, சுவருக்குள் போகும் குழாய் வழியாகக் கீழே விடுவார்கள். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, புது மெஷினின் துளை பழைய தட்டுக்கு நேராக வராவிட்டாலோ உள்ளேதான் சொட்டும். குழாயில் கீழிருந்து லேசாகக் காற்று ஊதி, மேலிருந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

சத்தமும் அதிர்வும்

காஸ்கெட்டை அதிகமாக இறுக்கினால் மெஷினின் அதிர்வு நேராகக் கூரைக்கு வரும். தளர்த்தி அரை இன்ச்சுக்குக் கொண்டு வாருங்கள். மெஷினின் பின்பாகம் தாங்கலில்லாமல் தொங்கினால் அதற்கென்று வரும் ஃபோம் துண்டுகளை அடியில் வையுங்கள். டர்ரென்ற சத்தம் என்றால் ஃபேன் இறக்கை மூடியில் உரசுகிறது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் ஓடவில்லை

இப்போது மெஷினைச் சந்தேகப்படலாம். உத்தரவாதத்துக்குக் கூப்பிடும் முன் மாடல் எண், சீரியல் எண், ஓடும்போது மூன்று இடத்தில் எடுத்த வோல்டேஜ், ஆம்ப், உள்ளே போகும் காற்றின் சூடு, வெளியே வரும் காற்றின் சூடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்கள் கேட்கப்போவது இவைதான். வாயு அடைக்கும் வால்வு இந்த மெஷின்களில் கிடையாது, அதனால் “கேஸ் போட்டால் சரியாகிவிடும்” என்று யாராவது குழாயைத் துளைக்க வந்தால் விடாதீர்கள். அதோடு உத்தரவாதம் போய்விடும்.

இறக்கிய பழைய மெஷினின் குழாயையும் வெட்டாதீர்கள். அதில் பெரும்பாலும் ஆர்-22 போன்ற குளிர்வாயு இருக்கும், அமெரிக்காவில் அதைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். வாயுவை முறையாக உறிஞ்சியெடுக்கும் சான்றிதழ் உள்ளவரிடமோ, அந்த வசதியுள்ள பழைய இரும்பு வாங்கும் இடத்திலோ முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.